கார் சார்ஜ் ஏறவில்லையா? நிறுத்தியது யார் என்று முதலில் பாருங்கள்

ராத்திரி பத்து மணிக்கு மின்சாரக் காரில் கன்னை, அதாவது சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் பெரிய பிளக்கைச் செருகிவிட்டுப் படுக்கிறீர்கள். காலையில் எழுந்து பார்த்தால் வண்டி 34 சதவீதத்திலேயே நிற்கிறது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. ஆப்பைத் திறந்தால் ‘நிறைவடைந்தது’ என்கிறது. வண்டி வாங்கிய இடத்தில் கேட்டால் சார்ஜர்க்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள். சார்ஜர்க்காரர் ஈ.பி. லைனைப் பார்க்கச் சொல்கிறார். லைன்மேன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்து, கரண்ட் ஒழுங்காகத்தானே வருகிறது என்று கிளம்பிவிடுகிறார்.

இந்த மூன்று பேருக்கும் நடுவில் அலைந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். வீடுகளில் சார்ஜர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. பழைய மிக்ஸியோ மோட்டாரோ ஓடவில்லை என்றால் காரணம் அதற்குள்ளேயே இருக்கும். கார் சார்ஜிங் அப்படி இல்லை. மின் கம்பி, சுவரில் இருக்கும் சார்ஜர், வண்டிக்குள் இருக்கும் சார்ஜர், எங்கோ இருக்கும் சர்வர் என்று நான்கு பேர் சேர்ந்து ஒத்துக்கொண்டால்தான் கரண்ட் ஓடும். நான்கில் யார் வேண்டுமானாலும் எந்த நொடியிலும் நிறுத்தலாம். அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று தேடுவதற்கு முன்னால், நிறுத்தியது யார் என்று கண்டுபிடியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு மூன்று சாட்சிகள் உண்டு: சார்ஜர் விளக்கின் நிறமும் மினுக்கலும், வண்டித் திரையில் வரும் வாசகம், ஆப்பில் இருக்கும் பதிவு. மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். ஓசிபிபி என்ற பொது நெறிமுறையில் சர்வரோடு பேசும் சார்ஜர் என்றால், ஆப்பிலோ கம்பெனியின் பதிவிலோ பெரும்பாலும் இரண்டு சொற்களில் ஒன்று இருக்கும். ‘சஸ்பெண்டட் ஈவி’ என்றால் வண்டிதான் கரண்ட் எடுக்கவில்லை. ‘சஸ்பெண்டட் ஈவிஎஸ்ஈ’ என்றால் சார்ஜரோ அதற்குக் கட்டளையிடும் சர்வரோ தரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசும்போது ‘எந்த ஸ்டேட்டஸில் நின்றது’ என்று இந்தச் சொல்லைக் கேட்டு வாங்குங்கள். பேச்சு சட்டென்று விஷயத்துக்கு வந்துவிடும்.

கீழே சொல்வதில் கவரைத் திறக்கும் வேலை எதுவும் உங்களுக்கானது இல்லை. அதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும். பார்ப்பது, கேட்பது, குறித்துக்கொள்வது, எம்சிபியை (லோடு கூடினால் தானே விழும் சுவிட்ச்) இறக்கி ஏற்றுவது, இவ்வளவுதான் உங்கள் பங்கு.

சார்ஜரில் விளக்கே எரியவில்லை

எம்சிபி, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) இரண்டும் மேலே இருக்கின்றனவா பாருங்கள். சார்ஜரில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் இருந்தால், யாராவது அழுத்திவிட்டார்களா பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது சகஜம், திருகி வெளியே இழுத்தால் போதும். மூன்று ஃபேஸ் வீடு என்றால் சார்ஜர் இருக்கும் ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம். அந்த ஃபேஸில் உள்ள வேறொரு லைட்டைப் போட்டுப் பாருங்கள்.

விளக்கு எரிகிறது, கன்னைச் செருகினால் வண்டி கண்டுகொள்ளவே இல்லை

வீட்டு சார்ஜர்களில் வழக்கமாக வரும் டைப்-2 கன்னின் முகத்தில் ஏழு ஓட்டைகள் இருக்கும். மேலே சின்னதாக இரண்டு. அவற்றில் ஒன்று வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் கன்ட்ரோல் பைலட், இன்னொன்று கன் முழுதாக உட்கார்ந்ததா, கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று வண்டிக்குச் சொல்வது. நடுவில் இருப்பது எர்த். இந்த மூன்றும் சரியாகத் தொட்ட பிறகுதான் மற்ற ஓட்டைகளுக்குக் கரண்டே வரும்.

கன்ட்ரோல் பைலட்டின் பேச்சு எளிமையானது. ஒன்றும் செருகாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும். வண்டி உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் அதை 9 வோல்ட்டுக்கு இறக்கினால் ‘நான் வந்துவிட்டேன்’ என்று பொருள். 6 வோல்ட்டுக்கு இறக்கினால் ‘கரண்ட் கொடு’. பதிலுக்கு சார்ஜர் நொடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்பும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறதோ, அதுதான் வண்டி எடுக்கக்கூடிய ஆம்பியரின் எல்லை. துடிப்பின் நேரத்தில் 26.7 சதவீதம் என்றால் 16 ஆம்பியர், 53.3 சதவீதம் என்றால் 32.

வண்டி கண்டுகொள்ளவில்லை என்றால் பேச்சு 12-லேயே நிற்கிறது, 9-க்கு இறங்கவில்லை. காரணம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது எறும்பு. வெளிச்சுவரில் தொங்கும் கன்னின் சின்ன ஓட்டைக்குள் கூடு கட்டிவிடும். அடுத்தது செம்மண் தூசி, மழைத்தண்ணீர் காய்ந்து பிடித்த பச்சைக் களிம்பு. எம்சிபியை இறக்கிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். கம்பி, ஊசி, எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம். கன் மூடிக்குப் பத்து ரூபாய்ப் பொருள் என்ற மரியாதைகூட நாம் கொடுப்பதில்லை. அந்த மூடியைத் தொலைத்ததால் வந்த பழுதுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

துடைத்தும் வரவில்லையா? எலக்ட்ரீஷியனிடம் கன்னின் பைலட்டுக்கும் எர்த்துக்கும் இடையே டிசி வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். 12 அருகே வந்தால் சார்ஜர் பக்கம் பெரும்பாலும் சரி, வண்டியைப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் சார்ஜர் அல்லது கேபிள். ஒரு எச்சரிக்கை: துடிப்பு ஓடத் தொடங்கிய பிறகு சாதாரண மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். 32 ஆம்பியர் சார்ஜரில், வண்டி இன்னும் கரண்ட் கேட்காத 9 வோல்ட் நிலையில், அது பூஜ்யத்துக்குக் கீழேகூடக் காட்டும். அதைப் பார்த்து போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். பெரிய பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும், வண்டியின் கம்ப்யூட்டர்களை எழுப்புவது அந்தச் சின்ன பேட்டரிதான். அது படுத்துவிட்டால் கன்னைச் செருகினாலும் வண்டி தூக்கத்திலிருந்து எழுந்திருக்காது. கதவு பூட்டு மந்தமாகத் திறப்பது, திரை ஒருமுறை மினுக்கி அணைவது இதன் அறிகுறி.

செருகி சில நொடிகளில் ‘எர்த் இல்லை’ என்று சிவப்பு விளக்கு

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். இங்கே செய்யப்படும் ஒரு குறுக்கு வழி உயிரைக் குடிக்கும்.

சார்ஜர் கரண்ட்டை விடுவதற்கு முன்னால் எர்த் இருக்கிறதா என்று தானே சோதிக்கும். பல சார்ஜர்கள் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள வோல்ட்டைப் பார்த்து முடிவு செய்கின்றன. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. அதனால்தான் இருபது வருடமாக எர்த்தே இல்லாத வீடுகள்கூட நிம்மதியாக இருந்திருக்கின்றன. சார்ஜர் வந்த அன்றுதான் உண்மை வெளியே வருகிறது. வீட்டுக்காரர், ‘எல்லாம் ஓடுகிறது, சார்ஜர் மட்டும்தான் சரியில்லை’ என்பார். சார்ஜர் மட்டும்தான் சரியாகச் சொல்கிறது.

ஒரு வீட்டில் சார்ஜர் பொருத்தியது கார்த்திகை மழையில். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் மாதம் சாயங்காலம் மட்டும் எர்த் பிழை வர ஆரம்பித்தது, காலையில் சரியாகிவிடும். சார்ஜரை மாற்றித் தரச் சொல்லி சண்டையே வந்துவிட்டது. போய்ப் பார்த்தால், எர்த் குழியின் மேல் சிமென்ட் போட்டு மூடி, டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அடியில் மண் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. சாயங்காலம் ஏன்? அப்போதுதான் தெரு முழுக்க லோடு ஏறுகிறது, நியூட்ரலில் கரண்ட் கூடுகிறது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்ட் ஏறுகிறது. டைல்ஸைப் பெயர்த்துத் தண்ணீர் ஊற்றியதும் அன்றைக்கே நின்றது. பிறகு புதிதாகக் குழி போட்டோம்.

குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. கரியும் உப்பும் போட்ட பைப் எர்த்துக்கு மேலே புனல் வைத்ததே அதற்காகத்தான். ஐஎஸ் 3043 என்ற இந்தியத் தரநிலையும் அந்தக் குழியைப் பராமரிக்கும்படிதான் வரைந்து காட்டுகிறது. வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் ஊற்றுங்கள். அதோடு எர்த் வயர் பைப்பில் சேரும் இடத்தில் நட்டு துருப்பிடித்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். சரியான சோதனைக்கு எர்த் டெஸ்டர் வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பை எரியவிட்டு ‘எர்த் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். அந்த பல்பு அரை ஆம்பியர்கூட எடுக்காது, சுமாரான எர்த்திலும் பளிச்சென்று எரியும்.

இப்போது அந்தக் குறுக்கு வழி. சார்ஜரை ஏமாற்ற, போர்டுக்குள் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். பிழை மறைந்துவிடும், வண்டி சார்ஜ் ஆகும். என்றைக்காவது சர்வீஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டு வயர் வழியாக ஃபேஸின் வோல்ட் முழுவதும் காரின் உடம்பில் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கப் போகிறவர் நீங்களோ உங்கள் பிள்ளையோதான். யாராவது இந்த யோசனையைச் சொன்னால் அந்த நபரை வேலையிலிருந்து அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்ற சந்தேகம் இருந்தால் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் எர்த் பிழை வருகிறது என்றால் கதை வேறு. சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் தனியாக மிதக்கும், சார்ஜர் அதை எர்த் இல்லாததாகவே பார்க்கும். வீட்டு இன்வெர்ட்டர் பல்பும் ஃபேனும் ஓட்டத்தான். காரை அதில் சார்ஜ் போடாதீர்கள்.

ஆர்சிசிபி விழுகிறது

சார்ஜருக்கென்று தனி ஆர்சிசிபி இருந்து அது விழுந்தால், மழைக்குப் பிறகா என்று பாருங்கள். கேபிள் நுழையும் இடத்தில் அதைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் சரியில்லாமல் தண்ணீர் இறங்கியிருக்கும். வேறு வண்டியைச் செருகினால் விழவில்லை என்றால் உங்கள் வண்டியின் உள் சார்ஜரைக் காட்டுங்கள்.

வீட்டின் மெயின் ஆர்சிசிபி விழுந்தால் காரணம் கூட்டுக் கணக்காகவும் இருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்குக் கீழே விழக்கூடாது, 30-ல் கட்டாயம் விழ வேண்டும், நடுவில் எங்கேயும் விழலாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கசியும். மேலே காரும் சேரும்போது எல்லை தாண்டுகிறது. மற்ற எம்சிபிக்களை இறக்கிவிட்டு சார்ஜரை மட்டும் ஓட்டுங்கள். விழவில்லை என்றால் சார்ஜருக்கு மீட்டரிலிருந்தே தனி லைன், தனி ஆர்சிசிபி. அது டைப் ஏ-வாக இருக்கட்டும். காரிலிருந்து டிசி கசிந்தால் பழைய டைப் ஏசி ஆர்சிசிபி மரத்துப்போய், விழ வேண்டிய நேரத்தில் விழாமல் நின்றுவிடும். 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் பகுதி உங்கள் சார்ஜருக்குள் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லை என்றால் வெளியே டைப் பி வேண்டும், விலை அதிகம்தான்.

அரை மணி, ஒரு மணி நன்றாக ஏறுகிறது, அப்புறம் நிற்கிறது

நேரம் எடுத்து நின்றால் சூட்டைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வண்டியோடு வந்த போர்ட்டபிள் சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் போடுபவர்களுக்கு இது அதிகம். அந்த சாக்கெட் கீசருக்காக வாங்கியது. கீசர் பத்து நிமிடம் ஓடும், கார் எட்டு மணி நேரம் ஓடும். உள்ளே ஒரு இடத்தில் 0.1 ஓம் லூஸ் கான்டாக்ட் இருந்தால் போதும், 15 ஆம்பியரில் 22 வாட்டுக்கு மேல் அங்கேயே சூடாகும். 25 வாட் சோல்டரிங் அயனை சுவருக்குள் எட்டு மணி நேரம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சார்ஜரின் பிளக்கில் வெப்ப சென்சார் இருந்தால் அது நிறுத்தி உங்களைக் காப்பாற்றுகிறது. இல்லாவிட்டால் பழுப்பு நிறமும் மீன் நாற்றமும்தான் எச்சரிக்கை.

நின்றதும் எம்சிபியை இறக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி முனைகளைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுக்கும். எம்சிபியே சூட்டில் விழுவதும் உண்டு. வெயில் படும் இரும்புப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நெருக்கி வைத்தால், எழுதியிருக்கும் ஆம்பியருக்கு முன்பே விழும். 16 ஆம்பியர் சார்ஜருக்கு 16 எம்சிபி போட்டு, அடிக்கடி விழுகிறது என்று திட்டுவது தவறு. அது 20 ஆக இருக்க வேண்டும், அதற்குத் தகுந்த வயரும் வேண்டும். வயரைப் பார்க்காமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது நெருப்புக்கு வழி.

சாயங்காலம் மட்டும் நிற்கிறது, அல்லது ‘லோ வோல்டேஜ்’

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பொழுது சாய்ந்ததும் போட்டுப் பாருங்கள். கன் செருகாதபோது சார்ஜர் முனையில் 228 வோல்ட் என்று வையுங்கள். 32 ஆம்பியரில் ஓடும்போது 204. இறக்கம் 24 வோல்ட். 24-ஐ 32-ஆல் வகுத்தால் 0.75 ஓம். 24-ஐ 32-ஆல் பெருக்கினால் 768 வாட். ஒரு அயர்ன் பாக்ஸ் அளவு சூடு, டிரான்ஸ்ஃபார்மருக்கும் உங்கள் காருக்கும் நடுவில் எங்கோ விரயமாகிறது. எங்கே?

மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள்: மீட்டர், மெயின் போர்டு, சார்ஜர். சார்ஜரை ஓடவிட்டு, நிறுத்தி, இரண்டு முறையும். மீட்டரிலேயே 20 வோல்ட் இறங்கினால் குற்றவாளி வெளியே: கம்பத்தில் முறுக்கிக் கட்டிய ஜாயின்ட், மெல்லிய சர்வீஸ் வயர், லோடு நிரம்பிய டிரான்ஸ்ஃபார்மர். மீட்டரில் 4 வோல்ட்தான் இறங்குகிறது, மீதி 20 உள்ளே என்றால் உங்கள் வயரிங். 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் 30 மீட்டர் ஓடினால், போக வர 60 மீட்டருக்கு 32 ஆம்பியரில் சுமார் 6 வோல்ட்தான் இறங்க வேண்டும். அதற்கு மேல் போவது வயர் மெலிவு அல்லது லூஸ்.

வெளியே என்று தெரிந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் பதியுங்கள். ‘வோல்டேஜ் கம்மி’ என்று மட்டும் சொன்னால் லைன்மேன் பகலில் வந்து பார்த்து, 230 இருக்கிறது என்று போய்விடுவார். ‘சாயங்காலம் 7.30-க்கு மீட்டர் முனையில் லோடு இல்லாமல் இவ்வளவு, 32 ஆம்பியரில் இவ்வளவு’ என்று எழுதிக் கொடுங்கள். செக்‌ஷன் ஆபீஸில் அந்தத் தாளுக்கு மரியாதை உண்டு. சரிசெய்யும்வரை ஆப்பில் 16 ஆம்பியராகக் குறைத்து, நடுராத்திரிக்கு மேல் போடுங்கள். இறக்கம் பாதியாகும்.

தெருவுக்கும் இது நல்லது. காருக்குள் இருக்கும் சார்ஜர் எல்லைக்குள் இருக்கும்வரை ஒரே வாட்டை எடுக்கப் பார்க்கும். வோல்ட் இறங்கினால் ஆம்பியரைக் கூட்டும், அதனால் வோல்ட் இன்னும் இறங்கும். பல்பு அப்படிச் செய்யாது, மங்கிவிட்டு அடங்கிப் போகும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பத்து கார் சேரும்போது இந்தக் குணம்தான் சிக்கல்.

ஒரு விதிவிலக்கு. மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு ஃபேஸ் இறங்கும்போது இன்னொன்று 250, 260 என்று ஏறினால், சில பல்பு மங்கி சில பல்பு பளீரென்று எரிந்தால், அது நியூட்ரல் அறுந்ததோ லூஸானதோதான். யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். கார், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போய்விடும்.

எம்சிபி விழவில்லை, வீடு முழுக்க கரண்ட் போகிறது, தானே திரும்ப வருகிறது

ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளின் புது அறிகுறி இது. சென்னை தி.நகரில் சோதனை முயற்சியாக வந்தபோதே பலர் ஸ்மார்ட் மீட்டரைப் பார்த்திருப்பார்கள். அதற்குள் கரண்ட்டைத் துண்டிக்கும் ரிலே ஒன்று உண்டு. வாரியம் வைத்த லோடு எல்லையைத் தாண்டினால் மீட்டரே துண்டிக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே சேர்த்துப் பார்க்கும். திரும்பவும் தாண்டினால் துண்டிக்கும். குறிப்பிட்ட தடவை பார்த்துவிட்டு 30 நிமிடம் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் ஒவ்வொரு எம்சிபியாகத் திருகிக்கொண்டிருப்பார். ‘கட்’ சொன்னது மீட்டர்தான்.

மீட்டர் திரையை ஓடவிட்டு அனுமதித்த லோடு எவ்வளவு, உச்சத்தில் எடுத்தது எவ்வளவு என்று பாருங்கள். 7.4 கிலோவாட் சார்ஜரும் இரண்டு ஏசியும் சேர்ந்தால் 10-ஐத் தாண்டும். வாரியத்தில் லோடு கூட்டிக் கேட்கலாம். அல்லது வீட்டு லோடை, மெயின் வயரைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் சென்சாரால் பார்த்து காரின் ஆம்பியரைத் தானே குறைக்கும் வசதி சார்ஜரில் இருந்தால் அதைப் போடலாம். இரண்டாவதுதான் என் விருப்பம்.

கூரையில் சோலார் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம். வெயில் உச்சியில் சோலார் இன்வெர்ட்டர் ‘ஓவர் வோல்டேஜ்’ என்று அணைந்து அணைந்து எரிகிறதா? தெருவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்ட்டைத் தள்ளுவதால் வோல்ட் 250-ஐத் தாண்டி ஏறுகிறது. ராத்திரி போடும் காரைப் பகல் பன்னிரண்டு மணிக்கு மாற்றிப் பாருங்கள். கார் இழுப்பதில் வோல்ட் இறங்கும், இன்வெர்ட்டர் அணைவது பல வீடுகளில் நின்றுவிடும். ஒரு பைசா செலவில்லாமல் இரண்டு பிரச்சினை தீர்ந்ததைப் பார்த்த சந்தோஷம் எனக்கு உண்டு.

கரண்ட் போய் வந்த பிறகு தொடரவில்லை

முதலில் பத்து நிமிடம் பொறுங்கள். கரண்ட் வந்த நொடியில் ஊரில் எல்லா ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஏசியும் ஒன்றாக எழுகின்றன. கார்களும் சேர்ந்தால் லைன் திரும்பவும் விழும். அதனால் சில சார்ஜர்கள் வேண்டுமென்றே ஆளுக்கொரு நேரம் காத்திருந்து தொடங்கும். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கும் வீட்டு சார்ஜர்களில் 10 நிமிடம் வரையான இந்தத் தாமதம் சட்டப்படியே இருக்க வேண்டும்.

பத்து நிமிடம் கழித்தும் வரவில்லை என்றால், ஆப்பிலோ அட்டை காட்டியோ தொடங்கும் முறையில் இருக்கிறீர்களா பாருங்கள். கரண்ட் போனதும் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது, திரும்பத் தொடங்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ‘செருகினாலே ஓடும்’ முறை போதும். அதுவும் இல்லை என்றால் வண்டி தூங்கிவிட்டது. கன்னைக் கழற்றி அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள்.

சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை

ராத்திரி 11 மணிக்கு வைத்தது விடிகாலை 4.30-க்கு ஆரம்பிக்கிறதா? சரியாக ஐந்தரை மணி நேரத் தாமதம் என்றால் பழுது ஒன்றும் இல்லை. சார்ஜர் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, நம் நேரம் அதைவிட 5.30 முன்னால். நேர மண்டலத்தை மாற்றுங்கள்.

தொடங்கவே இல்லை என்றால் வண்டியிலும் ஒரு நேரம், ஆப்பிலும் ஒரு நேரம் வைத்திருக்கிறீர்களா பாருங்கள். சார்ஜர் 11 முதல் 3 வரை தரும், வண்டி 4 முதல் 6 வரை கேட்கும். இருவரும் சந்திப்பதே இல்லை. ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள். வைஃபை சரியாக எட்டாத கார் ஷெட் என்றால் வண்டியில் வைப்பதே நல்லது. பல சார்ஜர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் சேரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மெதுவாக ஏறுகிறது

22 கிலோவாட் சார்ஜர் வாங்கினேன், 7-தான் வருகிறது என்பார்கள். வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் 7.2 என்றால் அதற்கு மேல் வராது. 3.3 என்றால் 3.3. வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டும், பலர் சொல்வதில்லை.

வழியில் டிசி ஃபாஸ்ட் சார்ஜர் தொடங்க மறுக்கிறது

டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் வரும் சிசிஎஸ்-2 கன்னில் அதே பைலட் கம்பி வழியாகத்தான் வண்டியும் சார்ஜரும் பேசுகின்றன. இந்த முறை துடிப்பு 5 சதவீதம், அதன் மேல் அதிவேக டிஜிட்டல் சமிக்ஞை. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். ‘இணைக்கிறது’ என்றே காட்டிக் கைவிட்டால் பேச்சே அமையவில்லை. கன் கனமானது, கேபிள் கீழே இழுத்து பின்கள் சாய்ந்திருக்கும். தொடங்கும் நேரத்தில் கன்னை இரண்டு கையாலும் மேலே தூக்கி உள்ளே அழுத்திப் பிடியுங்கள், பாதி நேரம் இதிலேயே சரியாகும். வண்டியை முழுதாக அணைத்து, பூட்டி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். ‘இன்சுலேஷன்’ என்று நின்றால் ஈரம். இரண்டு டிசி பின்களையும் பாருங்கள், விரலை உள்ளே விடாதீர்கள், வேறு கன்னுக்குப் போங்கள். வண்டிக்குள் ‘டக்’ என்ற சத்தம் கேட்ட பிறகு நின்றால் உள்ளே பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் வரை போய்விட்டது. இரண்டு வேறு இடங்களிலும் அப்படியே நின்றால் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

அந்தப் பேச்சு வெளி ரேடியோ அலைக்கும் பலியாகும். 2022-ல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 47 மீட்டர் தூரத்திலிருந்து ரேடியோ அலையாலேயே சிசிஎஸ் சார்ஜிங்கை நிறுத்திக் காட்டினார்கள். வழியில் ஒரு சார்ஜர் மறுத்தால் பதற்றப்பட்டு அங்கேயே பத்து முறை முயலாமல் அடுத்ததற்குப் போங்கள்.

முடிந்த பிறகு கன் வெளியே வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். பூட்டியிருப்பது வண்டி. சாவியால் ஒருமுறை பூட்டித் திறங்கள். வராவிட்டால் பூட்டை விடுவிக்கும் அவசரக் கயிறு எங்கே என்று வண்டிக் கையேட்டில் பாருங்கள். வீட்டில் இருக்கும்போதே அதைத் தேடி வைத்துக்கொள்வது நல்லது.

நான் போடாத சார்ஜ் கணக்கில் இருக்கிறது

நேற்றோ அதற்கு முன்போ நீங்களே சார்ஜ் போட்ட தேதிதானா பாருங்கள். நெட்வொர்க் இல்லாதபோது நடந்த சார்ஜை சார்ஜர் சேமித்து வைத்து, நெட்வொர்க் வந்ததும் அனுப்பும். தேதியும் பொருந்தவில்லை என்றால் அட்டையை நினையுங்கள். சார்ஜரில் காட்டித் தொடங்கும் ஆர்எஃப்ஐடி அட்டைகள் பல தங்கள் எண்ணை மட்டும் சொல்லும், அதை நகலெடுப்பது சுலபம். ஆப்பில் அந்த அட்டையை நீக்கிவிட்டுப் புதிது கேளுங்கள்.

அதன் பிறகு சார்ஜரின் கடவுச்சொல். பொருத்த வந்தவர் பயன்படுத்திய தொழிற்சாலைச் சொல் அப்படியே இருந்தால், கேட்டுக்கு வெளியே நிற்கும் எவரும் உங்கள் சார்ஜரின் ஆம்பியரை மாற்றலாம். தூரத்திலிருந்து முடக்குவதும் நடந்த கதைதான். 2022 பிப்ரவரியில் மாஸ்கோவையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் இணைக்கும் எம்-11 நெடுஞ்சாலையில் சார்ஜர்கள் அப்படித்தான் செயலிழந்து, திரையில் அரசியல் வாசகங்கள் ஓடின. கடவுச்சொல்லை மாற்றுங்கள், சார்ஜருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

ஃபர்ம்வேர் ஏறும்போது கன் வண்டியில் இருக்க வேண்டாம். ஏறி முடிந்ததும் அமைப்புகளுக்குள் போய் அதிகபட்ச ஆம்பியர் என்ன என்று ஒரு தடவை பாருங்கள். உங்கள் எம்சிபி 20, அங்கே தொழிற்சாலை அளவான 32-க்குத் திரும்பியிருந்தால், கன்னைத் தொடுவதற்கு முன்னால் 16-க்கு இறக்குங்கள்.